மூன்று தரம் அடித்த போன்

எங்கள் குருநகரில் கடலுக்குப் போன புருஷன் போன் அடித்தால் எந்தப் பெண்ணும் எடுக்க மாட்டாள். படகு கரைக்குக் கிட்ட வந்து சிக்னல் பிடித்ததும் ஒரு தரம் அடித்து வெட்டினால், சுகமாக வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு தரம் அடித்தால், மீன் கனக்க, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா என்று அர்த்தம். எடுத்துக் கதைத்தால் வீண் செலவு. என் அண்ணை செபநாயகமும் அவர் பெண்சாதி மேர்சி மச்சாளும் கைத்தொலைபேசி வந்த காலம் முதல் இப்படித்தான். அண்ணை அடித்தால் மச்சாளின் கை போனுக்குப் போகாது, தேத்தண்ணிக் கேத்திலுக்குத்தான் போகும்.

அண்ணைக்கு நெஞ்சு வருத்தம் வந்து தொழிலை விட்ட பிறகு, மச்சாள் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். முழங்காலில் வருகிறேன், என் மனுசனைக் காப்பாற்றித் தா என்று. துணைக்கு நான். காங்கேசன்துறையில் கப்பல் ஏறுவதற்கு முன் போன் விஷயம்தான் பெரிய தலையிடி. அவர்கள் இருவரிடமும் இருந்தது பட்டன் போன், வட்ஸ்அப் கிடையாது. என்னுடையது நல்ல போன்தான், ஆனால் கடல் தாண்டினால் வைஃபை உள்ள இடத்தில்தான் அதற்கு உயிர். இந்திய சிம் வாங்கலாம் என்றால், இரண்டொரு நாளைக்கு வந்துபோகிறவர்களுக்கு அது லேசில் கிடைக்காது என்றார்கள். கடைசியில் போன் கடை டினேஸ், மச்சாளின் பழைய சிம்மிலேயே ரோமிங் போட்டுக் கொடுத்தான்.

"அக்கா, அங்கை நிண்டு போனை எடுத்தாலும் உங்கடை காசு போகும். அடிக்கிறதைப் பாருங்கோ, எடுக்காதேங்கோ."

"உதை நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? கடலுக்குப் போறவற்றை பெண்சாதி நான்," என்றார் மச்சாள்.

அண்ணையும் சிரித்தார். "பின்னேரத்திலை ஒருக்கா அடிச்சு வெட்டுவன். இருக்கிறன் எண்டு அர்த்தம்."

போய் இறங்கிய அன்றும் மறுநாளும் அப்படியே அடித்து வெட்டினார். மச்சாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனை உள்ளே வைத்தார்.

நேர்த்தியை நிறைவேற்றிய அன்று வெயில் சாய்ந்தும் மணல் சுட்டது. மச்சாள் முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தார். நான் மெழுகுதிரியும் மாலையும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். மச்சாளின் சட்டைக்குள் செருகியிருந்த போன் அடித்தது. நீளமாக அடித்து ஓய்ந்தது.

"வெட்டவும் மறந்து போனார் மனுசன்," என்றார் மச்சாள்.

கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி அடித்தது.

"ரெண்டு தரம் அடிச்சிட்டார். அண்ணைக்கு மீன் கனக்கப் பட்டிட்டுதுபோலை," என்றேன். முழங்கால் தோல் உரிந்த வலியோடும் மச்சாள் சிரித்தார்.

மூன்றாம் தரமும் அடித்தது. மூன்றுக்கு எங்களிடம் அர்த்தம் இல்லை. மச்சாள் போனை வெளியே எடுத்து, அண்ணையின் பெயர் மின்னுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் பச்சைப் பட்டனுக்கு மேலே நின்றது.

"இப்ப எடுத்தா இருக்கிற காசெல்லாம் போயிடும், றோஸ். பிறகு நாளைக்கு அவர் அடிச்சாலும் விழாது."

அது அடித்து ஓயும்வரை வைத்திருந்துவிட்டு, மறுபடி ஊர்ந்தார். அண்ணையின் நெஞ்சுக்காகத்தான்.

லொட்ஜுக்குத் திரும்பி என் போனில் வைஃபை பிடித்ததும் பக்கத்து வீட்டு யாகோப்பு வட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அண்ணை கதிரையில் இருந்தபடியே போய்விட்டாராம். போன் மடியில் கிடந்ததாம்.

கப்பலில் திரும்பி வரும்போது மச்சாளின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. என் கூடப்பிறந்தவன் தனியே கிடந்து கூப்பிட்டிருக்கிறான், ஒரு பட்டனை அமத்த இவளுக்கு மனம் வரவில்லையே என்று உள்ளுக்குள் ஏசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் நின்று பகிடி விட்டவள் நான்தான். ஆனாலும் கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். பிரான்சில் விசா இல்லாமல் இருக்கும் அவர்கள் மகன் ஜஸ்ரின் எல்லாவற்றையும் என் போனில்தான் பார்த்தான். சனம் நிறைந்த விறாந்தையில் அவன் குரல் கேட்டது.

"அம்மா, அப்பா கடைசியா உங்களோடை கதைச்சவரோ?"

மச்சாள் என் பக்கம் திரும்பவில்லை. "ஓம் ராசா. கதைச்சவர்."

"என்ன சொன்னவர்?"

"முழங்கால் நோகுதோ எண்டு கேட்டவர். அவதிப்படாமல் ஆறுதலாப் போ எண்டவர்." மச்சாள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "பிறகு உன்னைக் கேட்டவர். பெடியன் குளிருக்கு வடிவா உடுக்கிறானோ எண்டு."

அவன் அங்கே விம்மத் தொடங்கினான். "நெஞ்சு நோகுது எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லையப்பு. சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைச்சவர்."

"குடுத்துவைச்ச மனுசன், பெண்சாதியோடை கதைச்சிட்டுத்தான் போயிருக்கிறார்," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மச்சாள் அதற்கும் தலையாட்டினார். அத்தனை நேரமும் நான் பிடித்து வைத்திருந்த கோபம் அப்படியே கரைந்து போனது. பாவம், இனி இந்தப் பொய்யைச் சாகும்வரை அவர்தான் தனியே சுமக்கவேண்டும்.

போனை என்னிடம் தந்தபோது மச்சாள் என் கையை விடவில்லை. ஒருவருக்கும் கேட்காதபடி கேட்டார்.

"றோஸ், என்ன சொல்ல எண்டு அடிச்சிருப்பார்?"

"நீங்கள் இப்ப சொன்னதைத்தான், மச்சாள்."

மச்சாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு தரமும் அதையே சொன்னேன். அவர் நம்பவில்லை.