வாய்க்கூடை போட்டுக் குளித்த கன்றுகள்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை சகாயராணி மாட்டுக் கொட்டத்துக்குள் நுழைந்தபோது, பத்துக் கன்றுகளும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவை போல நின்றிருந்தன. நெற்றியில் மஞ்சள், அதன்மேல் குங்குமம், கழுத்தில் ஆவாரம்பூ மாலை. கொம்பு இன்னும் முளைக்காத இடத்தில்கூட யாரோ ஆசையாய் நீலச் சாயம் தடவியிருந்தார்கள். உடம்பெல்லாம் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, கன்னுகளைக் குளிப்பாட்டுனீங்களா?"

கொட்டத்துக்காரர் ஆண்டிச்சாமி சிரித்தார். "மாட்டுப் பொங்கலுக்குக் குளிக்காத மாடு உண்டா டாக்டரம்மா? நாங்க குளிக்காட்டியும் அதுகளைக் குளிப்பாட்டிருவோம்ல."

"எங்க வச்சு?"

"இது என்ன கேள்வி? குளத்துலதான்."

கோபம் வந்தால் கத்துகிற பெண் இல்லை சகாயராணி. பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். அது அவளுடைய உதவியாளர் கிதர் முகம்மதுவுக்குத் தெரியும். கையிலிருந்த ரத்தப் புட்டிப் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

சகாயராணி திண்டுக்கல்லில் இரண்டே அறை கொண்ட ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தின் டாக்டர். ஆத்தூர்ப் பக்கத்து மாடுகளுக்குக் குறட்டை நோய் உண்டு. மூக்கு ரத்தக் குழாயில் நூல் போன்ற புழு குடியிருக்கும். மூக்குக்குள் சதை வளர்ந்து, மாடு பகலில் நிற்கும்போதே குறட்டை விடும், மூச்சு வாங்கும், ஏரில் பூட்டினால் பாதி வயலில் படுத்துவிடும். புழுவின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டால், கன்றின் உடம்பு புழுவை முன்கூட்டியே அடையாளம் கண்டு விரட்டுமா? அதுதான் அவளுடைய கேள்வி.

அந்தப் புரதத்தைச் சேர்க்க ஒரு வருஷம் ஆயிற்று. கிதர் முகம்மதுவின் அண்ணன் அப்துல் ஜப்பார் பேகம்பூரில் மாட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். குறட்டை விட்ட மாடுகளின் மூக்கை வெட்டித் தம்பியிடம் தருவார். தலைக்கறி வாங்க வருகிறவர்கள், "என்ன பாய், மூக்கறுபட்ட தலையா குடுக்குறீங்க?" என்று சண்டைக்கு நிற்பார்கள். "மூக்கு படிக்கப் போயிருக்கு" என்பார் ஜப்பார். அப்படிச் சேர்ந்த மூக்குகளிலிருந்து ஊசி முனையால் புழுவைப் பொறுக்கி, அரைத்து, வடிகட்டிக் கடைசியில் கிடைத்தது ஒரு சின்னப் புட்டி. ஆத்தூர்ப் பக்கம் ஆண்டிச்சாமியின் கொட்டத்தில் ஐந்து கன்றுகளுக்கு அதைப் போட்டாயிற்று. மற்ற ஐந்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். அடுத்த மாதம் மெட்ராஸில் அவளுடைய மேலதிகாரியான பெரிய டாக்டர், புழுக் குஞ்சுகளை எண்ணி எண்ணி ஒவ்வொரு கன்றின் தோலிலும் விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை, அதே குஞ்சுகள் திரியும் குளத்துப் பக்கமே கன்றுகள் போகக்கூடாது.

"நான் அம்புட்டுத் தடவை சொன்னேனேண்ணே, குளத்துத் தண்ணி ஆகாதுன்னு."

ஆண்டிச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆகாதுன்னுதான் நானும் சொட்டுத் தண்ணி குடிக்க விடல. ஏ சொர்ணம், அதை எடுத்துக் காட்டு."

அவர் மனைவி சொர்ணலட்சுமி உள்ளேயிருந்து கயிற்றில் பின்னிய சின்னச் சின்ன வாய்க்கூடைகளை ஒரு கொத்தாகத் தூக்கிவந்தாள். களத்தில் நெற்கதிரை மிதிக்க விட்டுச் சூடடிக்கும்போது மாடு நெல்லைத் தின்னாமலிருக்க வாயில் கட்டுகிற கூடை. கன்று வாய்க்கு ஏற்ற அளவில் யாரும் பின்னுவதில்லை. இதற்கென்றே ராப்பகலாகப் பின்னியிருந்தார்கள்.

"பத்துக்கும் வாயைக் கட்டித்தான் தண்ணியில எறக்குனோம்மா" என்றாள். "ஊரே நின்னு சிரிச்சுச்சு. கன்னுக்குட்டிக்கு வாய்க்கூடை போட்ட முத ஆளு நாங்கதானாம்."

கிதர் முகம்மது சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "மாமா, அந்தப் புழு வாய் வழியாப் போகாது. தோலைத் தொளைச்சுக்கிட்டுல்ல போகும்!"

"அதை மொதல்லயே சொல்றதுக்கு ஒனக்கு வாய் இல்லையா மாப்ளே? ஒனக்கும் ஒண்ணு மாட்டி விட்டாகளா?"

சகாயராணி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆகாது என்றுதான் சொன்னாளே தவிர, எதனால் ஆகாது என்று சொல்லவேயில்லை. ஆகாத தண்ணீர் என்றால் எவரும் குடிக்கக் கூடாத தண்ணீர் என்றுதானே நினைப்பார்கள்? அவளுக்கு அவர்கள்மேல் வருத்தம் வரவில்லை. ஒரு வருஷ வேலை அந்தக் குளத்தில் கரைந்துவிட்டதே என்பதுதான் அவள் வருத்தம். ஒரு கன்று வந்து அவள் முழங்கையை நக்கியது. அவள் அதன் நெற்றியைத் தடவிவிட்டு, மற்ற ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பிறகு அவள் மெல்லக் கேட்டாள். "அக்கா, எல்லாத்தையும் ஒண்ணாவா எறக்குனீங்க?"

"ஒண்ணாத்தான். ஒரே படித்துறையில."

"எந்நேரம்?"

"உச்சி வெயில்ல. கன்னுக்குக் குளிரக் கூடாதுல்ல."

"ஒண்ணைக் கூட நேரம், ஒண்ணைக் கொறைச்சு..."

"அதெப்படி? ஒண்ணைக் கூடத் தேச்சா மத்தது மூஞ்சியத் தூக்கிக்கிரும். எல்லாத்துக்கும் ஒரே தேய்ப்புத்தான்."

சகாயராணி எழுந்துவிட்டாள். "கிதர் பாய், ஒரு கண்ணாடிக் குவளை எடுங்க. குளத்துக்குப் போவோம்."

படித்துறை ஓரத்துப் பாசியில் நத்தைகள் ஒட்டியிருந்தன. அவற்றைப் பொறுக்கிக் குவளையில் போட்டுத் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெயிலில் வைத்துவிட்டுக் கரையில் காத்திருந்தார்கள். வெயில் ஏற ஏறத் தண்ணீரில் தூசு போல ஏதோ துள்ள ஆரம்பித்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாள். வால் பிளந்த குஞ்சுகள். வெயிலுக்கு நத்தையை விட்டு வெளியே வந்து, தோல் எங்கே கிடைக்கும் என்று தேடித் திரியும் கூட்டம்.

"மெட்ராஸ்ல எண்ணி விடப் போறதை, இங்க குளம் எண்ணாம விட்டிருக்கு, பாய். ஆனா பத்துக்கும் ஒரே மாதிரி விட்டிருக்கு. புரதம் போட்டதுக்கும் உப்புத் தண்ணி போட்டதுக்கும் வித்தியாசம் வருதான்னு இங்கயே பாத்துரலாம்." அன்று முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

பெரிய டாக்டருக்கு அன்றைக்கே டிரங்க் கால் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். வாய்க்கூடையையும் சொன்னாள். "கெட்டுப்போன சோதனைம்மா அது" என்றார் அவர். அவள் மன்றாடிய பிறகு, "சித்திரை வரைக்கும் பாரு. ஒண்ணும் தேறலேன்னா கொட்டத்தைக் காலி பண்ணிரு" என்று போனை வைத்துவிட்டார்.

ரத்தத்தைச் சோதித்துப் பயனில்லை. ஊசி போட்ட கன்றின் ரத்தமும் புழுவைத் தெரியும் என்று சொல்லும், புழு புகுந்த கன்றின் ரத்தமும் அதையே சொல்லும். மூக்குச் சளியில் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. அதற்குப் புழு வளர்ந்து முட்டையிட வேண்டும். காத்திருக்க வேண்டும். சகாயராணிக்குக் காத்திருப்பது கஷ்டமில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். பக்கம் புரளாது. காது மட்டும் கன்றுகளின் மூச்சில் இருக்கும்.

பங்குனி கடைசியில் சொர்ணலட்சுமி சொல்லி அனுப்பினாள்: ஒரு கன்று குறட்டை விடுகிறது. பிறகு இன்னொன்று. சித்திரை பிறந்தபோது கொட்டம் ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரி ஆகிவிட்டது என்றார் கிதர் முகம்மது.

எது எந்தக் கன்று என்று அவளுக்குத் தெரியாதபடி சளியை அவரே எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவித் தந்தார். அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். அந்தப் புழுவின் முட்டை எறிகிற வளரித் தடி போல வளைந்திருக்கும், வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. பத்துத் தகடும் பார்த்து முடித்த பின்னரே எது எது என்று ஒப்பிட்டார்கள்.

உப்புத் தண்ணீர் போட்ட ஐந்திலும் முட்டை இருந்தது. புரதம் போட்ட ஐந்தில் இரண்டில் இருந்தது. மூன்றில் தேடித் தேடிப் பார்த்தும் இல்லை.

"மூணுதானா மேடம்?" என்றார் கிதர் முகம்மது தயக்கமாக.

"மூணு, பாய்!" என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது.

டிரங்க் காலில் பெரிய டாக்டர் கேட்டு முடித்துவிட்டு, கணக்கை இன்னொரு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "மூணை வச்சு யாரும் நம்ப மாட்டாங்க. அடுத்த தடவை எத்தனை கன்னு வேணும் உனக்கு?"

குறட்டை விட்ட கன்றுகளுக்கு வைத்தியம் ஆரம்பித்த அன்று கொட்டத்து வாசலில் கன்றும் கயிறுமாகப் பாதி ஊர் நின்றது. எல்லாரும் அந்த ஊசியைக் கேட்டார்கள். சகாயராணி இந்த முறை எதையும் பாதியில் விடவில்லை. புழு எங்கே இருக்கிறது, எப்படி ஏறுகிறது, எல்லாம் சொன்னாள். கடைசியில், "பாதிக் கன்னுகளுக்கு வெறும் உப்புத் தண்ணிதான் போடுவோம். எதுக்கு எதுன்னு சொல்ல மாட்டோம். நோய் வந்தா வைத்தியம் எங்க பொறுப்பு" என்றாள்.

கூட்டம் கசமுசவென்றது. "ஏம்மா, எங்க வீட்டுக் கன்னு என்ன பாவம் பண்ணுச்சு, உப்புத் தண்ணிக்கு?" என்று ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

சொர்ணலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "எல்லாருக்கும் நல்ல ஊசியே வேணும்னா, அது நல்ல ஊசிதானான்னு எப்படிய்யா தெரியும்? போன மாசம் பொறந்த எங்க மயிலைக் கன்னைச் சேத்துக்கங்கம்மா. உப்புத் தண்ணியே வந்தாலும் சரி."

"அப்படியெல்லாம் கேட்டு வாங்க முடியாதுக்கா. சீட்டுக் குலுக்கித்தான்."

"அப்ப குலுக்குங்க. எதுக்கு நிக்கிறீக?"

கயிற்றை இழுத்துக்கொண்டு போனவர் வாசலுக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்தார். கிதர் முகம்மது காகிதத்தைக் கிழித்து மடிக்க ஆரம்பித்தார். ஆண்டிச்சாமி ஒரு சொம்பை எடுத்துத் துண்டால் துடைத்து, "நல்லாக் குலுக்கு மாப்ளே, கூடக் கொறைய இருந்தா எங்க வீட்ல விட மாட்டாக" என்று நீட்டினார்.