பித்தளைக் குழாய் வளையங்கள்

பொருளாதார மந்தம் வந்து ரயில்வே பட்டறையில் வேலை பாதி நாளாகச் சுருங்கியபோது, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பல பெண்கள் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குக் கப்பலேறினார்கள். பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த இருதயத்தின் மனைவி செசிலியாவும் ஏறினாள். இரண்டு வருடம் ஆயிற்று. இருதயத்துக்கு அவள் முகத்தைவிட அவள் அம்மியில் அரைக்கும்போது கேட்கும் வளையல் சத்தம்தான் அதிகம் நினைவில் வந்தது. அது இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கழித்துப்போட்ட எஞ்சின் குழாயை வில்லை வில்லையாக அறுத்துப் பித்தளை வளையங்கள் எடுத்தான். உடைந்த பிரேக் கம்பியை முழங்கை மடங்கினாற்போல் வளைத்து, வேகன் சுருள்வில் மேல் நிறுத்தி, வளையங்களை மாட்டினான். முகம் செய்யத் துணிச்சல் வரவில்லை, கை மட்டும்தான். அவள் போடுவது ஆறு. ஆறு மாட்டியும் வீடு நிறையாததுபோல் இருந்தது, இன்னொன்று சேர்த்தான்.

கிள்ளான் போகும் ரயில் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அடுப்படியில் அந்தக் கை ஆடிச் சிணுங்கும். அவன் சாப்பிட உட்காருவான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பக்கத்து வீட்டு வள்ளியம்மா ஒரு கல்யாணத்துக்கு ஊர் போனவள், செசிலியாவைப் பார்த்துச் சேதி சொல்லிவிட்டு வந்தாள். மறுபடி முழு நாள் வேலை கிடைத்து, 'புறப்பட்டு வா' என்று இருதயம் எழுதியதற்குப் பதில் வந்தது: 'அடுப்படியில் வளையல் போட்ட ஒருத்தி இருக்கும்போது நான் எதற்கு?'

வள்ளியம்மாவை அடுப்படிக்கு அழைத்துவந்து, கடிதத்தோடு அந்தக் கம்பிக் கையையும் காட்டினான்.

"நான் பொய் சொல்லல அண்ணே," என்றாள் அவள், தலையில் கைவைத்து உட்கார்ந்து. "வளையல் சத்தம் கேட்டதத்தான் சொன்னேன். இந்தக் கூத்த யாரு கண்டா?"

"எழுதினா நம்புவாளா?"

"நானே நம்ப மாட்டேன்லா."

கையைச் சாக்கில் சுற்றிப் பார்சலில் அனுப்பினான். 'வாசலில் வைத்துத் தட்டிப் பார்' என்று மட்டும் எழுதினான். அதன் பிறகு கிள்ளான் ரயில் சும்மா போனது. மூன்று மாதம் அவன் அடுப்படிப் பக்கம் உட்காரவே இல்லை. அந்தக் கையாவது இருந்திருக்கலாம் என்று ஏங்கினான்.

நான்காம் மாதம் கடிதம் வந்தது.

'தட்டிப் பார்த்தேன். அழுதேன். அப்புறம் எண்ணிப் பார்த்தேன். நான் போடுவது ஆறு. ஏழாவது யாருடையது? அடுத்த கப்பலில் வருகிறேன், நேரில் சொல்லுங்கள்.'