சேதுலட்சுமி நினைவு நாள்

தோணி வந்து நின்றதும் சோலையம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். தீவுப் பக்கம் வெட்டிய பவளப்பாறைக் கற்களைக் கூடையில் வாங்கி, தலையில் வைத்துக் கரையேறி, காளவாசல் ஓரம் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். மண்டபத்துச் சுண்ணாம்புக் காளவாசலில் பதினோரு வருஷமாக இதே நடைதான். சுண்ணாம்பு தின்ற பாதவெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டு எரிவதுகூடப் பழகிப்போய்விட்டது.

"மத்தியானத்தோட வேலை நிப்பாட்டுறாகளாம்த்தா," என்றாள் பின்னால் கூடை சுமந்து வந்த பஞ்சம்மாள். "மொதலாளி மக செத்து இன்னிக்கோட ஒரு வருசம். மெட்ராஸ் டாக்டரு வாராராம். கூட்டம் முடியவும் பூந்தி."

"அரை நாள் கூலி?"

"நல்லாக் கேட்ட போ! நிதிக்குன்னு ஒரு நாள் கூலியவே பிடிச்சுட்டாக. பெரிய வீட்டுச் சாவுன்னா நாமளும் மொய் வைக்கணும்ல."

சோலையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தல் நிழலில் சுருண்டு கிடந்த மகள் பூமயிலையே பார்த்தாள். எட்டு வயசு. ஒரு மாசமாகப் பள்ளிக்கூடம்வரை நடக்கத் தெம்பில்லாததால் கூடவே இடுக்கிக்கொண்டு வருகிறாள்.

முதலில் தொடையில்தான் கன்னிப்போயிருந்தது. பிறகு முதுகில். புருஷன் சின்னச்சாமி அடித்திருப்பான் என்று நினைத்துத் தெருவே கூடும்படி சண்டை போட்டாள். அவன் காளி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். அதன்பிறகும் புதிதாக ஒன்று தோள்பட்டையில் கிளம்பியது. பிள்ளை யாருக்கோ பயந்து மறைக்கிறாள் என்று அகப்பைக் காம்பை எடுத்தாள்.

"யாருடி அடிச்சா? சொல்லு!"

"ஒருத்தரும் அடிக்கலத்தா."

இரண்டு அடி போட்டாள். அந்த இரண்டு தழும்பும் மூன்று வாரமாகியும் மறையவில்லை. குளிப்பாட்டும்போதெல்லாம் அவற்றின்மேல் மட்டும் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.

பந்தலில் சேதுலட்சுமியின் படத்துக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். இரட்டைச் சடை, ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. முதலாளி வீரபத்திரன் மைக்கைப் பிடித்தவர், "எம் மக..." என்றதோடு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள். சோலையம்மாளும் அழுதாள். கூலி பிடித்த கோபம் வேறு, பெற்ற வயிறு வேறு.

டாக்டர் எழுந்தார். கண்ணாடி போட்ட, சாந்தமான மனுஷர். கூலிக்காரர்களுக்குப் புரியவேண்டுமே என்று நிதானமாகப் பேசினார்.

"எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்கு. ரத்தம் அங்கதான் ஊறுது. நீங்க மணல்ல ஊத்துத் தோண்டுறீங்களே, அது மாதிரி. அந்த ஊத்தே கெட்டுப்போறதுதான் ரத்தப் புற்றுநோய். கெட்டதை மாத்தி இன்னொருத்தர் மஜ்ஜையை வைக்க முடியுமான்னு வெளிநாட்டுல பாத்துக்கிட்டிருக்காங்க. நாமளும் ஆராய்ச்சி பண்ணணும். அதுக்குத்தான் இந்தக் குழந்தை பேர்ல நிதி."

எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் தொடர்ந்தார்.

"ஆரம்பத்துல பெத்தவங்களுக்கே தெரியாது. காய்ச்சல் விட்டுவிட்டு வரும். ஈறுல ரத்தம் கசியும். யாருமே அடிக்காம உடம்புல நீலம் நீலமாக் கன்னிப்போகும்..."

சோலையம்மாள் நிமிர்ந்தாள். யாருமே அடிக்காமல். மடியில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள். "ஏத்தா, எங்க போற?" என்று பஞ்சம்மாள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் நிற்கவில்லை. மைக்குக்கு முன்னால் போய்ப் பூமயிலின் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"இப்பிடியாய்யா? இப்பிடியா கன்னும்?"

டாக்டர் குனிந்து பிள்ளையின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். வீரபத்திரன் அந்தத் தொடையைப் பார்த்தவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"இந்த ரெண்டு நான் அடிச்சதுய்யா," என்றாள் சோலையம்மாள். "பொய் சொல்றான்னு நெனச்சு அடிச்சுட்டேன்."

டாக்டர் அவள் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார்.

"மருந்து இருக்காய்யா?"

"குணமாக்குற மருந்து இன்னும் வரலம்மா. மெட்ராஸ்ல வச்சுப் பாத்தா கொஞ்ச மாசம் தள்ளிப் போடலாம். செலவாகும்."

அவள் முதலாளியைப் பார்த்தாள். "நிதி சேத்திருக்கீகளேய்யா. அதுல எம் புள்ளைக்கு..."

வீரபத்திரன் துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. "அது ஆராய்ச்சிக்குன்னு எழுதிப் பதிஞ்சாச்சு சோலை. ஒரு புள்ள வைத்தியத்துக்குன்னு தொடக் கூடாது. நானே நெனச்சாலும் முடியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒன் ஒரு நாள் கூலிய மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்றேன்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனசு இரங்கித்தான் சொன்னார். அதுதான் அவளைத் திகைக்க வைத்தது.

"ஒரு சொட்டு ரத்தம் குடுங்கம்மா," என்றார் டாக்டர். "காசு வேண்டாம். ஆராய்ச்சிக்கு உதவும்."

பூமயில் விரலை நீட்டினாள். ஊசி குத்தியபோது அழக்கூட இல்லை. மூன்று கண்ணாடித் துண்டுகளில் ரத்தத்தைத் தேய்த்து, உலர விட்டு, பஞ்சு சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தார் டாக்டர். காரில் ஏறியதும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"பாதை மோசம்ப்பா. பாத்து மெதுவா ஓட்டு," என்றார் டிரைவரிடம். "ஒடைஞ்சிரப் போகுது. ராத்திரி ரயிலைப் பிடிச்சாகணும்."

கார் ராமநாதபுரம் ரோட்டில் திரும்பியது. கணக்குப்பிள்ளை வந்து ஒரு நாள் கூலியையும் ஒரு பூந்திப் பொட்டலத்தையும் சோலையம்மாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். பந்தலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன் சேதுலட்சுமியின் படத்தை நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனான்.

"ஆத்தா, இன்னும் வருது," என்றாள் பூமயில்.

சோலையம்மாள் முந்தானையைப் பிள்ளையின் விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். கார் கிளப்பிய புழுதி அடங்கிவிட்டது. துணியில் மட்டும் சிவப்பு ஊறிக்கொண்டே இருந்தது.