கூலிக்கு அலறுகிறவள்

மௌத்தாவது, அதாவது சாவதுதான் என் தொழில். சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் கேமுக்குள் தீயில் கருகுகிற பெண், கிணற்றில் விழுகிற பெண், பேய் கழுத்தைத் திருகுகிற பெண், எல்லோருக்கும் தொண்டை என்னுடையது. அவர்கள் சாகும்போது பின்னால் கேட்கிற இசையும் நான் போட்டதுதான். முதலில் இசை மட்டும்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு இடத்தில் மூச்சிரைப்பு எப்படி வரவேண்டும் என்று காட்ட நானே இரைத்து அனுப்பினேன். வெளிநாட்டுக் கம்பனிக்காரன், இந்தப் பெண் யார், இவளையே போடுங்கள் என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து அலறிக்கொண்டிருக்கிறேன்.

மருதமுனையில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். இசையென்றால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊருக்குத் தெரியாமல் செய்யலாம். அலறலை அப்படிச் செய்ய முடியுமா? ஒரு தடவை வீட்டுக்குள் கத்தியதற்கே தெரு முழுக்க வாசலில் வந்து நின்றது. கரப்பான் பூச்சி என்று சமாளித்தேன். பக்கத்து வீட்டு றுக்ஸானா ராத்தா இன்றைக்கும் என்னைக் கண்டால், "என்ன புள்ள, கரப்பான் சுகமா?" என்றுதான் கேட்பா.

ஆகவே என் கணவர் பஸாலின் வேனில் சொறிக்கல்முனைப் பக்கம் வயல்வெளிக்குப் போவோம். ஹயருக்கு ஓடுகிற வெள்ளை வேன். எதிரொலி வராமலிருக்க உள்ளே மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, கண்ணாடிகளையெல்லாம் கறுத்தப் போர்வையால் மூடிவிடுவோம். வெள்ளை வேன், மூடின கண்ணாடி, உள்ளே ஒரு பொம்பிளை அலறுகிறாள். வெள்ளை வேனில் ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோன இந்த நாட்டில் இதைக் காண்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேரின் மண்டையிலும் ஏறவில்லை. அத்தனை மொக்குகள் நாங்கள்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத்தான் போனோம். வெட்டு முடிந்த வயல், ஆளரவம் இல்லை. வாய்க்கால் ஓரமாக வேனை நிறுத்தினோம். முதல் இரண்டு அலறலுக்கு உள்ளே இருந்த பஸால், "உன்ட சத்தத்தக் கேட்டுக்கிட்டு இரிக்க ஏலா. நான் வெளிய நிக்கன்" என்று இறங்கிக் கதவைச் சாத்திவிட்டார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் சாகத் தொடங்கினேன்.

அன்றைக்கு எனக்கு நல்ல மூட். கத்தி, கெஞ்சி, "என்னை விட்டுடுங்க" என்று இங்கிலீஷில் கதறி, எனக்கே மயிர் கூச்செறிந்தது. வெளியே என்ன நடக்கிறது என்பது மெத்தைக்கும் ஹெட்போனுக்கும் இந்தப் பக்கம் இருந்த எனக்கு எப்படித் தெரியும்?

கதவு படாரென்று திறந்தது.

மண்வெட்டியும் பொல்லுமாக ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு நடுவில் பஸால் மண்ணில் முழங்காலில் கிடந்தார். சேர்ட் கிழிந்து, வாயிலிருந்து இரத்தம் நாடியில் வடிந்துகொண்டிருந்தது. ஒருவன் அவருடைய முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தான்.

"தங்கச்சி, பயப்படாம இறங்குங்க. நாங்க நிக்கம்" என்றார் மண்வெட்டி வைத்திருந்த பெரியவர். "ஆரு இவன்? எங்கயிருந்து உங்களத் தூக்கிட்டு வந்தான்?"

"என்ட பொஞ்சாதி, அண்ணன்! அல்லாவுக்காகக் கேளுங்க!" பஸால் என்னைப் பார்த்தார். "மர்ஷூதா, சொல்லு புள்ள!"

ஒரு வசனம். 'இவர் என் புருஷன்' என்று ஒரே ஒரு வசனம். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பவும் முயன்றேன். தொண்டை என்று ஒன்று எனக்கு இருந்ததா என்றே சந்தேகமாகிவிட்டது. தலையை ஆட்டினேன். அது ஓமா இல்லையா என்று எனக்கே விளங்கவில்லை. உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் வந்திருந்த ஒரு அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் கீழே இறக்கினா. "ஐயோ, புள்ளட கோலத்தப் பாருங்க. இவனக் கண்டதும் வாயடைச்சுப் போகுது. என்ன பாடு படுத்தினானோ!"

அவ்வளவுதான். பஸாலின் முதுகில் பொல்லு விழுந்தது. அவர் "யா அல்லாஹ்" என்று குப்புற விழுந்தார். நான் அவரிடம் பாய்ந்தேன். அக்கா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. பாசத்தில்தான் பிடித்தா. அந்தப் பாசம் என் புருஷனைக் கொன்றுவிடும் போலிருந்தது. இரண்டாவது அடி விழுந்தது. ஒருவன், பொலிசுக்குச் சொன்னால் விட்டுவிடுவார்கள், இங்கேயே கையைக் காலை முறிப்போம் என்றான். பஸாலின் கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லு, சொல்லு என்று. றப்பே, என்ன சோதனை இது!

அக்காவின் கையைக் கடித்தேன். உண்மையாகத்தான், பல் பதியக் கடித்தேன். அவ கையை உதற, வேனுக்குள் பாய்ந்து லெப்டொப்பிலிருந்து ஹெட்போன் வயரைப் பிடுங்கி எறிந்து, பதிவு செய்ததை முதலிலிருந்து ஓடவிட்டேன்.

என் அலறல் வயல் முழுக்கப் போனது. ஓங்கின பொல்லு அப்படியே நின்றது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அது மூடியிருந்தது.

பிறகு லெப்டொப்பில் நான் இருமினேன். "சீ, இது சரியில்ல. மச்சான், அந்தத் தண்ணிப் போத்தலத் தாங்க." பஸாலின் குரல் வந்தது: "இந்தா. மெல்லமாக் கத்து புள்ள, பேய் கீய் வந்திரும்." நான் சிரித்தேன். "நீங்க இரிக்கக்குள்ள வேற பேய் எதுக்கு?" அவரும் சிரித்தார். அடுத்த அலறல் தொடங்கியது.

முடியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

பெரியவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு பஸாலைத் தூக்கி உட்காரவைத்தார். தோளில் கிடந்த துவாயை வாய்க்காலில் நனைத்து அவருடைய வாயைத் துடைத்தார். "மன்னிச்சிக்கங்க தம்பி" என்றார். "சண்டை நேரம் என்ட தங்கச்சிய இப்படி ஒரு வேனிலதான் ஏத்தினாங்க. அவ கத்தினது எங்கட வளவு முழுக்கக் கேட்டிச்சி. பயத்தில ஒருத்தரும் போகல்ல. நானும் போகல்ல. அதான் இண்டைக்கு ஓடி வந்தம்." பஸால் தலையை மட்டும் அசைத்தார். அந்தப் பெரியவரைக் குறைசொல்ல எனக்கும் மனம் வரவில்லை. நான் கடித்த அக்கா, கையைத் தடவிக்கொண்டே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று அவரே வேனை எடுத்தார். ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. முதுகைச் சீட்டில் சாய்க்கவும் முடியவில்லை. கிட்டங்கிப் பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார்.

"மர்ஷூதா."

அவரைப் பார்த்தேன்.

"ஆரோ எவளோ சாகுறதுக்கெல்லாம் அப்படிக் கத்துறாய். எனக்கு அடி விழக்குள்ள ஒரு சத்தம் வரல்லையே புள்ள உனக்கு." கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பயந்துபோய்க் கேட்டார்.

"வரல்ல மச்சான்" என்றேன். கரகரவென்று, யாருடையதோ போல ஒரு குரல். வேன் கதவு திறந்த பிறகு என்னிடமிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். "எவ்வளவோ பாத்தன். வரவேயில்ல."

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த மெசின் இல்லாட்டி நான் மௌத்து. என்ன?"

இல்லை மச்சான், எப்படியாவது கத்தியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவர் அப்போதும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.