முதலில் நின்ற மெஷின்

யாராவது புகழ்ந்தால் பெரியவளுக்குச் சந்தேகம்தான் வரும். இப்போது புத்தகத்திலேயே போட்டுவிட்டார்கள்.

கொண்டுவந்தவர் சங்கச் செயலாளர். மூடிப்போன தையல் கம்பெனியில் முன்பு நடந்த வேலைநிறுத்தத்தை, அங்கே வேலை பார்த்தவர்களின் பேச்சாகவே ஓர் எழுத்தாளரம்மா புத்தகமாக்கியிருந்தாள். முதலாளி அறிக்கை, தலைவர் பேச்சு ஒன்றும் கிடையாது. பேர்களும் கிடையாது, அவரவர் செய்த வேலைதான் பேர். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைக்குக் கை தைத்தவள் சொன்னதை வாசித்தார்.

“பக்கத்துல காலர் தைக்கிறவங்க மெஷின் நின்னுச்சு. அந்தத் தைரியத்துலதான் நானும் சுவிட்ச அணைச்சேன். அப்புறம் ஹால் பூராவும் நின்னுபோச்சு.”

“காலர் தைச்சது நீங்கதானேம்மா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல மேடையில ஏறி நாலு வார்த்தை பேசணும்” என்று சொல்லி, புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

கை தைத்தவள் வேறு யாருமில்லை, பெரியவளின் ஓரகத்தி, வீட்டுக்குச் சின்னவள். வீட்டைப் பாகம் பிரித்ததிலிருந்து மாடியில் தனி அடுப்பு வைத்திருக்கிறாள். மாடிப்படி விளக்கை யார் போடுவது என்பதற்கே மல்லுக்கு நிற்கிறவள், இவ்வளவு பெரிய பெருமையை ஓசியில் தூக்கிக் கொடுப்பாளா? அதுவும் பொய் சொல்லி?

பொய்தான். அன்று மேஸ்திரி எதிரிலேயே நின்றதால் இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை. பின்னால் பட்டன் தைப்பவளுக்குப் பட்டப்பேரே ‘பூனை’, இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. சத்தம் ஒன்று சட்டென்று நின்றது. அதைக் கேட்ட பிறகுதான் பெரியவளின் கை சுவிட்சுக்குப் போனது. நின்றது ஓரகத்தியின் மெஷின்தான். அவளுக்கு அந்தப் பெருமை போகக் கூடாதென்றே, எழுத்தாளரம்மாவிடம் “எல்லாரும் சேந்துதான் நிறுத்துனோம்” என்று மழுப்பியிருந்தாள்.

யோசிக்க யோசிக்க விஷயம் விளங்கியது. மேடையில் ஏற்றிவிட்டு, நாலு பேர் நடுவில் எழுந்து, ‘மொதல்ல நிறுத்துனது நான்’ என்று மானத்தை வாங்கப் பார்க்கிறாள். புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பெரியவள் படியேறினாள்.

“ஏன்டி பொய் சொன்ன?”

துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவள் கண்ணைச் சுருக்கினாள். “என்ன பொய்?”

“என் மெஷின் மொதல்ல நின்னுச்சுன்னு.”

“நின்னுச்சே! காதால கேட்டேன். உங்கள எனக்குப் புடிக்காதுதான் அக்கா. அதுக்காக நடந்தத மாத்துவேனா?”

“அடியே, நின்னது உன் மெஷின். அதக் கேட்டுத்தான் நான் அணைச்சேன்.”

“நடிக்காதீங்க. மேடையில ஏறி என்னைப் புளுகியாக்கப் பாக்குறீங்களா?”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளுக்கும் அதே பயம்தானா? சிரிப்பு பாதியில் நின்றது.

“சத்தம் எந்தப் பக்கம் நின்னுச்சு?”

“நீங்க இருந்த பக்கம்...” சின்னவள் மடித்த துணியைக் கலைத்து மறுபடி மடித்தாள். “இல்ல. முதுகுப் பக்கமா.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எழுத்தாளரம்மா பூனைகிட்ட பேசுனாங்களா?”

“இன்னும் யாருகிட்ட கேக்கலாம்னாங்க. அவ வாயத் தொறக்க மாட்டா, போகாதீங்கன்னு சொன்னேன்.”

“நானும் அதையேதான்டி சொன்னேன்.” பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது.

பூனை எதிர்வீட்டுக்காரிதான். வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். ஜென்மப் பகையாளிகள் இருவரும் ஒன்றாகத் தெருவைக் கடந்து வருவதைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“அன்னிக்கு மொதல்ல மெஷின நிறுத்துனது யாரு?” என்றாள் பெரியவள்.

“யாரு கேக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. நாங்கதான் கேக்குறோம்.”

பூனை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க முதுகுக்குப் பின்னாலதானே இருந்தேன்? ஒரு தடவை திரும்பியிருந்தா தெரிஞ்சிருக்குமே” என்றாள்.