எல்சியின் முகம்

இனிமேல் சம்பளம் கிரிப்டோவில்தான் என்று கப்பலிலிருந்து நோயல் சொன்னதும், அவன் மனைவி எல்சி தன் பெயரில் வாலட் திறக்க ராயபுரத்து பிரவுசிங் சென்டருக்குப் போனாள். கேமராவைப் பார்த்தாள், கண் சிமிட்டினாள், தலையைத் திருப்பினாள். மூன்று முறையும் திரை மறுத்தது.

"உன் மூஞ்சில வேற யாரோ ஏற்கெனவே வாலட் வெச்சினுகீறாங்கக்கா," என்றாள் கடையில் வேலை செய்யும் ஜானட். "எங்கனா மூஞ்சி காட்னியா?"

காட்டியிருந்தாள். போன தவக்காலத்தில், தெருவின் ஜெபக் கூட்டமான அன்பியத்துக்கு ஒருவன் வந்தான். ஆதாரையும் முகத்தையும் செல்போனில் பதிந்தால் ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி என்றான். அன்பியத் தலைவி எல்சிதான் ஜெபமாலை முடிந்த கையோடு முப்பது பேரையும் வரிசையில் உட்கார வைத்தாள். அரிசியில் பாதி கல்.

இதை ஜானட்டிடம் சொல்லிவிட்டு, "அத்த அழிச்சிட்டு புச்சா போடேன்," என்றாள்.

"அதுக்கு அந்த வாலட்ட வெச்சினுகீற ஆளு ஒத்துக்கணும்க்கா. அவன் யாருன்னு உனக்குத்தான் தெரியும்."

அவளுக்குத் தெரியாது. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அந்த வாரமே தெருவில் அந்த முப்பது பேரில் நாலு பேருக்கு, அவர்கள் முகத்தில் திறந்த வாலட்டில் மோசடிப் பணம் வந்திருக்கிறது என்று சைபர் கிரைம் நோட்டீஸ் வந்தது. சனிக்கிழமை அன்பியம் எல்சி வீட்டில். எல்லோரும் வந்தார்கள். கண்ணை மூடி ஜெபித்தார்கள். திறந்த பிறகும் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.