வெடிக்கு முன் ஒரு சொல்

பன்றி சுடத் துவக்கு வாங்குவதற்கு மனுசியின் சம்மதம் வேண்டும் என்று அரசாங்கக் கச்சேரியில் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கலியாணம் கட்டும்போதுகூட அவளிடம் யாரும் இவ்வளவு முறையாகச் சம்மதம் கேட்கவில்லை. பயிர் காக்கத் துவக்கு எடுக்கிறவர்கள் முதலில் ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சிக்கு வரவேண்டுமாம். தனியாக வந்தால் போதாதாம். அந்தத் துவக்கோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம். முடிவில் அந்த ஆள் ஓம் என்றால்தான் அனுமதி.

என் வீட்டில் இருக்கிற ஆள் ராசமலர். அவள் ஓம் சொல்லமாட்டாள் என்பது தம்பலகாமம் முழுக்கத் தெரியும்.

எங்கள் வயல் காட்டோரம். இரண்டு போகமாகக் காட்டுப் பன்றி வந்து உழுதுபோட்டுப் போகிறது. நான் பிடிக்கிற உழவு மெசின்கூட அவ்வளவு ஆழமாக உழாது. மூன்றாவது போகமும் போனால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இந்த வயதில் சீனன்குடாப் பக்கம் யாருடைய வாசலையாவது காக்கவேண்டியதுதான். இதை அவளிடம் சொல்லிச் சொல்லி என் வாய் நொந்துவிட்டது.

"பண்டி திண்டது போக மிச்சம் எங்களுக்குக் காணும்," என்பாள். "அந்தச் சத்தம் எனக்கு வீட்டுக்குக் கிட்ட வேண்டாம்."

"யானை கலைக்கிறதுக்கு யானை வெடி போடேக்க ஒண்டும் சொல்லாம இருக்கிறாய்?"

"யானை வெடி வேற, துவக்கு வேற. காதுக்குத் தெரியும்."

"சத்தம் மனுசரை என்ன செய்யும்? கடிக்குமோ?"

அவள் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு ஒரு கிழமையாக, சோறு போடவோ என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு கதை இல்லை. ஆனாலும் பயிற்சி நாளன்று காலையில் சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வாறன். வந்து, மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வாறன்," என்றாள்.

துறைமுகத்தைப் பார்த்த ஒரு வெட்டவெளியில் பயிற்சி. ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு மேல் மண் அணை, அதன் முன்னால் கடதாசி இலக்குகள். இந்தப் பக்கம் தகரக் கொட்டகையும் பிளாஸ்டிக் கதிரைகளும். வயல் செய்கிற கமக்காரரும் அவர்களுடைய வீட்டு ஆட்களுமாக முப்பது பேரளவில் இருந்தோம். மனைவியை இழந்த காசிநாதர் மருமகள் விதுசாவைக் கூட்டி வந்திருந்தார். முழங்கால் வருத்தக்காரர், கதிரையில் இருத்துவதற்கே இரண்டு பேர் பிடிக்கவேண்டும். பயிற்சி கொடுக்க வந்த சிங்கள அதிகாரிக்கு, எங்கள் வாயில் மாத்தையாவுக்கு, இருபத்தைந்து வயதிருக்கும். தமிழ் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, பிரதேச செயலகத்திலிருந்து வந்த றிஷானா தமிழில் சொன்னாள்.

நல்ல பிள்ளை அவர். துவக்கை நடுவில் மடக்கித் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் காட்டினார். துவக்கின் வாய் ஒருநாளும் மனிதரைப் பார்க்கக்கூடாது, வெறும் துவக்கென்றாலும் பார்க்கக்கூடாது என்றார். சுடும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கவேண்டும். துவக்கை ஒரு பூட்டுக்குள்ளும் தோட்டாவை இன்னொரு பூட்டுக்குள்ளும் வைக்கவேண்டும். நான் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ராசமலர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

பிறகு அவர் அணைப் பக்கம் திரும்பித் தோட்டாவைப் போட்டார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். றிஷானா அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தாள்.

வெடித்துவிட்டது.

நான் மண்ணில் குப்புறக் கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. கொட்டகையில் ஒருவரும் நிற்கவில்லை. கதிரைகள் கவிழ்ந்து கிடந்தன. றிஷானா மேசைக்குக் கீழே. காசிநாதர், முழங்கால் மடக்க ஏலாத மனிதர், எல்லாருக்கும் முதல் தரையோடு தரையாகக் கிடந்தார். யாரும் கத்தவில்லை. அடுத்தது எந்தப் பக்கம் விழுகிறது என்று எல்லாரும் காது கொடுத்துக் கிடந்தோம். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் முப்பது உடம்பும் ஒன்றையும் மறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

என் முதுகில் பாரம். கூரைதான் விழுந்துவிட்டதென்று நினைத்தேன். கூரை இல்லை, ராசமலர். என் மேல் முழுதாகப் படுத்து, இரண்டு கையாலும் என் தலையைப் பொத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய நெஞ்சு என் முதுகில் இடித்தது. ஒரு கிழமையாக முகம் கொடுத்துக் கதைக்காத மனுசி. மாட்டேன் என்று சொல்வதற்கென்றே வந்த மனுசி. என்னை மூட அவளுடைய உடம்பு போதாது. நான் அவளைப்போல் இரண்டு மடங்கு. ஆனாலும் கையையும் காலையும் அகட்டி, ஏலுமான மட்டும் மூடியிருந்தாள். எந்தக் கோயிலிலும் நான் அப்படி உடம்பு சிலிர்த்து நின்றதில்லை. வாய்க்குள் மண்ணோடு எனக்கு அழுகை வந்தது.

"ஒண்டுமில்லை," என்றேன். "எழும்பு, ஒண்டுமில்லை."

"பொறுங்கோ," என்றாள் என் காதுக்குள். "இன்னொண்டு வரும்."

மாத்தையா மட்டும் தனியே நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. துவக்கைத் திறந்து, வெறும் தோட்டாக் கோதை எடுத்து எறிந்து, மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு வந்து காசிநாதரைத் தானே தூக்கி இருத்தினார். றிஷானா மேசைக்குக் கீழிருந்து தூசி தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இப்ப சுடப்போறன், பயப்பிடாதீங்கோ எண்டுதான் மாத்தையா சொன்னவர்," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தோம். சிரித்தபடியே சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

பயிற்சியில் தேற ஒவ்வொருவரும் ஒரு வெடி வைக்கவேண்டும். முதலாவதாகத் தர்மசீலன் என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். வீட்டு ஆட்கள் எங்களுக்குப் பின்னால் ஒரு கயிற்றுக்கு அப்பால் நின்றார்கள். துவக்கைத் தோளில் வைத்தேன். விரல் விசைக்குப் போக மறுத்தது. நான் சுட்டால் ராசமலர் திரும்பவும் விழுவாள். இந்த முறை அவளுக்குக் கீழே மூடுவதற்கு ஆள்கூட இல்லை.

இத்தனை வருடத்தில் நான் அவளைப் பெயர் சொல்லாமல் இஞ்சேர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அணையைப் பார்த்தபடியே, எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்.

"ராசமலர்! சுடப்போறன்."

காத்திருந்தேன். மாத்தையாவும் காத்திருந்தார்.

"ஓம்," என்று அவளுடைய குரல் வந்தது. "சுடுங்கோ."

சுட்டேன். இலக்கில் பட்டதா என்று பார்க்கவில்லை. துவக்கைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுத்தான் திரும்பினேன். காதைப் பொத்தி, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஆனால் நின்றாள். அவளோடு கயிற்றுக்கு அப்பால் எல்லாரும் நின்றார்கள்.

அடுத்து காசிநாதர். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"விதுசா, பிள்ளை, சுடப்போறன்."

"ஓம் மாமா."

அதன் பிறகு ஒவ்வொருவரும் அப்படித்தான் செய்தார்கள். மனைவியின் பெயர், மகளின் பெயர், தாயின் பெயர். கடைசியில், தமிழ் தெரியாத மாத்தையாவே அந்த ஓம் வரும்வரை கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வெடிச் சத்தத்துக்கு நடுவில் மனிதர் தங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுச் சுடுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முடிவில் மாத்தையா றிஷானாவோடு ராசமலரிடம் வந்து சம்மதமா என்று கேட்டார்.

"இவர் எனக்கு மட்டும் சொன்னாக் காணாது," என்றாள். "வேலிக்கு அங்கால றுக்கியா இருக்கிறா. அங்கால சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு. எல்லாருக்கும் சொல்லி, அவையும் ஓம் எண்ட பிறகு சுடட்டும். அப்பிடியெண்டா எனக்குச் சம்மதம்."

"அதுக்குள்ள பண்டி எல்லாத்தையும் திண்டு முடிச்சுப்போட்டுப் போயிடும்!" என்றேன்.

"போகட்டும்."

றிஷானா ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள். மாத்தையா சிரிக்கவில்லை. ராசமலரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இப்போது பதில் சொல்லவேண்டியவன் நான்.

"ஓம்," என்றேன்.